யாரும் மீறாத ஒப்பந்தம்

எனக்குப் பொய் சொல்ல வராது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் உண்டு. ஸ்டாஃப் ரூமில் யாராவது புதுச் சேலை கட்டி வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வேன். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல் கோச்சடையில் ஒரு மாடியில் நின்று வாய் கூசாமல் பொய் சொல்கிறாள் என்றால் எங்கள் தலைமையாசிரியை நம்பவே மாட்டார்.

அங்கே ஏழு பேர் கூடி ஓர் ஆட்டம் ஆடுகிறோம். பழைய ஐரோப்பாவின் வரைபடம், ஆளுக்கு ஒரு நாடு. பகடை கிடையாது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் கால் மணி நேரம் பேச்சு. இரண்டிரண்டு பேராக ஒதுங்கி, நீ என் பக்கம் வராதே, நானும் உன் பக்கம் வரமாட்டேன், இரண்டு பேரும் சேர்ந்து அவனைக் கவனிப்போம் என்று உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். பிறகு அவரவர் படை எங்கே போகிறது என்று துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்துப் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிரித்துப் படிக்கும்போதுதான் யார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், யார் கழுத்தை அறுத்தார் என்று தெரியும். படிப்பது அந்த மாடி வீட்டின் சொந்தக்காரர், அவரும் ஏழு பேரில் ஒருவர். மருந்துக்கடை வைத்திருக்கிறார், டாக்டர்களின் கையெழுத்தையே படிப்பவருக்கு எங்கள் கிறுக்கல் எந்த மூலைக்கு.

ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் நாகமலை புதுக்கோட்டையிலிருந்து வருகிற பேராசிரியர். அவருடைய அட்டை கிழிந்துபோனதும் கல்யாண பேனர் அடிக்கிற கடையில் கொடுத்து ஐரோப்பாவை ஃப்ளெக்ஸில் அடித்து வாங்கினோம். எந்தக் கட்சி மாநாடு என்று அந்தக் கடைக்காரர் கேட்டாராம்.

எங்களில் மகா கெட்டிக்காரர் சோழவந்தான் அண்ணன். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், "டீச்சர், நம்ம ரெண்டு பேருக்குள்ள என்ன இருக்கு, சொல்லுங்க" என்று ஆரம்பிப்பார். ஐந்து நிமிடத்தில் என் நாட்டை நானே அவர் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டு, நல்ல வேலை செய்ததாக நினைத்துக்கொண்டு திரும்பி வருவேன். எத்தனை முறை ஏமாந்தேன் என்று கணக்கில்லை. திங்கட்கிழமை முழுக்க அவரைக் கரித்துக்கொட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக அவரிடம்தான் போய் நிற்பேன்.

அப்படிப்பட்ட வாய் ஒரு நாள் காலையில் நின்றுபோனது. கொடிக்காலில் வேலையாக இருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஸ்ட்ரோக். பெரியாஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது என்னை அடையாளம் தெரிந்து கண்ணில் நீர் வந்தது, வார்த்தை வரவில்லை. நினைப்பெல்லாம் தெளிவாக இருக்கிறது, பேச்சும் வலது கையும்தான் திரும்ப வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து நான் அழுதேன். கூடப்பிறந்தவருக்குக் கூட அப்படி அழுதிருப்பேனா என்று தெரியாது.

நாலு மாதம் கழித்து அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்து அவரைக் கூட்டி வந்தார். அதற்கு முந்தின நாளே நாங்கள் ஆறு பேரும் அவர் இல்லாமல் வாட்ஸ்அப்பில் தனியாக ஒரு குரூப் தொடங்கியிருந்தோம். யோசனை என்னுடையதுதான்; பழியை வேறு யார் மேலும் போட முடியாது. அண்ணன் தேறுகிற வரைக்கும் யாரும் அவரைத் தாக்கக் கூடாது என்று எழுதினேன். மற்ற ஐந்து பேரும் கட்டைவிரலைப் போட்டார்கள். இத்தனை வருடத்தில் எங்கள் கூட்டத்தில் யாரும் மீறாத ஒரே ஒப்பந்தம் அதுதான்.

அண்ணனுக்கு இருபது முப்பது வார்த்தைதான் திரும்பியிருந்தது. வேணும், வேணாம், வா, போ. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நெடுநேரம் தவித்தார். தொட்டிக்குப் பின்னால் நாங்கள் பேசுவதைத் தலையாட்டிக் கேட்பார். பிறகு இடது கையால் கோணல்மாணலாக எழுதிப் போடுவார். யாரும் அவர் எல்லையைத் தொடவில்லை. முதல் ஞாயிறு ஜெயித்தார், அடுத்த ஞாயிறும் ஜெயித்தார். நாங்கள் கை தட்டினோம். அவர் சிரிக்கவில்லை. எனக்கு அது உறைக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு சீட்டுப் போட்டதில் அவருக்குத் துருக்கி விழுந்தது, எனக்கு ரஷ்யா. என் படை அர்மீனியாவில், அவர் வாசலிலேயே நிற்கிறது. அவர் தன் படைகள் அத்தனையையும் தூரத்துக்கு அனுப்பிவிட்டு நாட்டை ஆளில்லாமல் திறந்துபோட்டார். மறதியாக இருக்கும், பாவம் என்று நினைத்தேன். அடுத்த சுற்றில் என் படை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று எழுதிப் போட்டேன். மருந்துக்கடைக்காரர் அதைப் படித்ததும் அண்ணன் வரைபடத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு கையை ஊன்றி எழுந்து படியில் இறங்கிவிட்டார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மதினி போன் செய்தார். பேச்சுப் பயிற்சிக்குப் போக மாட்டேன் என்கிறாராம், யார் வந்தாலும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாராம். அந்த மாடிக்குப் போய்வந்தால் பேச்சு வந்துவிடும் என்று மதினி மலைபோல் நம்பியிருந்தார். "என்ன ஆச்சுன்னு கேட்டா, வெளையாடல, வெளையாடலன்னு அதையே சொல்றாரு டீச்சர். எனக்கு ஒண்ணும் வெளங்கல." எனக்கு விளங்கியது.

சனிக்கிழமை பஸ் பிடித்துச் சோழவந்தான் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன்: குரூப் தொடங்கியது நான்தான், உங்களைத் தொடக் கூடாது என்று சொன்னதும் நான்தான், பாவமாக இருந்தது அண்ணே. மதினி காபியோடு வாசலிலேயே நின்றுவிட்டார். அண்ணன் முகம் சிவந்தது. வாய் இரண்டு மூன்று முறை திறந்து மூடியது. கடைசியில் தன் நெஞ்சில் இடது கையால் தட்டினார்.

"நான்... இருக்கேன்," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். நாளைக்கு வாருங்கள், இனிமேல் அப்படி நடக்காது என்றேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஊர் திரும்புகிற பஸ்ஸில் அந்தக் குரூப்பைக் கலைத்தேன்.

ஆனாலும் மறுநாள் வந்தார். எனக்கு ஜெர்மனி, அவருக்குப் பிரான்ஸ். இரண்டு நாட்டுக்கும் நடுவில் பர்கண்டி என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் யார் காலை வைத்தாலும் மற்றவருக்கு ஆபத்து. தொட்டிக்குப் பின்னால் அவரே என்னைக் கூட்டிப்போனார். பர்கண்டி என்று சொல்ல வராமல், தரையில் விரலால் கோடு இழுத்து, "வேணாம்... ரெண்டு பேரும்" என்றார். அவர் நெற்றியெல்லாம் வேர்வை. நான் அவர் கண்ணைப் பார்த்து, சத்தியமாகப் போக மாட்டேன் அண்ணே என்றேன்.

வந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தால் எழுதக் கை ஓடவில்லை. அந்த மூன்று வார்த்தைக்கு அவர் பட்ட பாடு கண்ணிலேயே நின்றது. சத்தியத்தை மீறி எழுதினால் நான் மனுஷியா என்று இருந்தது. எழுதாவிட்டால் அவரை மறுபடியும் சுவரைப் பார்க்கப் படுக்கவைக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்: மியூனிக் படை பர்கண்டிக்கு.

மருந்துக்கடைக்காரர் அதைப் பிரித்து, தனக்குள் ஒரு முறை படித்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சத்தமாகப் படித்தார். பேராசிரியர் என்னை முறைத்தார். அண்ணன் குனிந்து, பர்கண்டியில் வந்து நின்ற என் படையின் மரக்கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த இரண்டு சுற்றில் பாரிஸையும் பிடித்தேன். அவர் விட்டுக்கொடுக்கவில்லை, இடது கையால் எழுதி எழுதி, கடைசிப் படை இருக்கிற வரைக்கும் மல்லுக்கட்டினார். பொழுது சாய்வதற்குள் அவர் நாடு போய்விட்டது.

என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கினார். தப்புச் செய்துவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தேன். மதினி வண்டியைத் திருப்பி, அவரை ஏற்றி, என்ன ஆச்சு என்று கேட்டிருப்பார் போல.

"சத்தியம் பண்ணுனா," என்றார் அண்ணன். குரல் மாடி வரைக்கும் கேட்டது. "கண்ணப் பாத்து... சத்தியம் பண்ணுனா. பாதகத்தி. வரட்டும். அடுத்த வாரம்... வரட்டும், பாத்துக்கிறேன்."

மதினி வண்டியைக் கிளப்பவில்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றி, முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "அப்பறம் என்ன பண்ணுனா, சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.