மரத்தின் காயம் நாலு மில்லிமீட்டர்

மலேசியாவில் பத்து காஜா ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பால் எடுக்க நான் ரப்பர் மரம் சீவிய காலம். அங்குலம் போய் மில்லிமீட்டர் வந்த புதிது. உள்மரத்தில் கத்தி படாமல், ஒரு மில்லிமீட்டர் பட்டையை மிச்சம் வைத்துச் சீவ வேண்டும்.

ஒருநாள் மழை ஈரத்தில் கத்தி வழுக்கி, மரத்தையும் என் கட்டைவிரலையும் சேர்த்து வெட்டிவிட்டது. அலறல் கேட்டு, எங்களை மேற்பார்க்கும் மண்டோர் ஓடி வந்தார். ரத்தம் சொட்டும் கையை நீட்டினேன். அவரோ ரூலரை எடுத்து மரத்தின் காயத்தை அளந்தார்.

“நாலு மில்லிமீட்டர் உள்ள போயிருச்சு, பாரு!” என்று கத்திவிட்டு, மரத்துக்கு மருந்து பூசினார்.

“என் விரலு, அண்ணே?”

“மரம் தோட்டத்துது லா. விரலு உன்னோடதுதானே?”

முந்தானையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனேன்.

சில வருஷத்தில், எண்ணெய் தரும் செம்பனை நடுவதற்காக அந்த மரங்களையெல்லாம் தோட்டமே வேரோடு சாய்த்தது. அன்றைக்கு யாரும் ரூலர் கொண்டுவரவில்லை. என் கட்டைவிரல் இன்னும் மடங்குவதில்லை.