‘நல்லா கீறேன்’ என்று சொன்ன பரிமளா

புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. வல்லம் வடகாலில் நான் இப்போது தங்கியிருக்கும் விடுதியின் மொட்டை மாடியில் யூனிஃபார்மை உலர்த்திக்கொண்டிருந்தேன். ஏகாம்பரம் அண்ணன் போன் செய்தார். பரிமளாவின் கணவர், கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். இன்ஜின் சத்தத்தோடு போட்டி போட்டுப் பேசியே பழகியவர். அன்று அவர் குரல் தணிந்திருந்தது.

“செல்வி, பரிமளா பூட்டாம்மா.”

எப்போது, எப்படி என்றெல்லாம் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. “கூட யாருண்ணே இருந்தா?” என்றுதான் கேட்டேன்.

“நான்தாம்மா. பக்கத்துலயே குந்திக்கினு இருந்தேன். காபி குட்ச்சா. பேசிக்கினே இருந்தவ தோள்ல சாஞ்சா. அவ்ளோதான். கஷ்டம் இன்னாத்தையும் படல.”

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த அழுகையில் பாதிக்கு மேல் நிம்மதிதான் என்று சொன்னால், அவளை அறிந்த உங்களில் யாரும் என்னைத் தவறாக நினைக்க மாட்டீர்கள். அவள் தனியாக இருக்கும்போது அது நடந்துவிடக் கூடாது என்பதுதான் நம் எல்லோருடைய பயமாகவும் இருந்தது. அது அப்படி நடக்கவில்லை.

டெஸ்டிங் செக்‌ஷனில் அவளோடு நின்றவர்களுக்கும், பென்னலூரில் அவள் வீட்டுக் காம்பவுண்டில் வாடகைக்கு இருந்து இன்று ஆளுக்கொரு ஊரில் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து சேர்ந்த புதிது. லைனிலிருந்து வரும் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்துப் பார்த்து, தேறாதவற்றைத் தனித் தட்டில் போடுவது என் வேலை. அவற்றைச் சரிபார்க்கும் மேசையில் பரிமளா உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் தட்டை அவள் முன்னால் வைத்து, “இது எல்லாம் செத்த போர்டு” என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: “செத்துட்ச்சுனு சொல்லாத. பேசமாட்டேங்குதுனு சொல்லு. இன்னா கோவம்னு கேட்டா பேசும்.” அன்று மாலைக்குள் அந்தத் தட்டில் பாதியைப் பேச வைத்துவிட்டாள். அடுத்த வாரமே அவர்கள் காம்பவுண்டில் காலியாக இருந்த அறைக்கு நான் குடிபோனேன். ஏகாம்பரம் அண்ணனின் அப்பா, நெல் விளைந்த நிலத்தின் ஓரத்தில் வரிசையாகக் கட்டி விட்டுப்போன அறைகள் அவை. எல்லாவற்றிலும் ஒரகடத்துக் கம்பெனிகளில் வேலை செய்யும் தெற்கத்திப் பெண்கள்.

2014ஆம் ஆண்டின் நடுவில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படி ஏறினால் நின்று நின்று ஏறினாள். இதயத் தசை தளர்ந்துவிட்டது, இனி வேலைக்குப் போகக் கூடாது என்றார் மருத்துவர். மாத்திரைகள் எழுதிக் கொடுத்துவிட்டு, ஏகாம்பரம் அண்ணனைத் தனியே அழைத்து இன்னொன்றும் சொன்னார்: இவர்களைத் தனியாக விடாதீர்கள்.

அந்த ஒரு வாக்கியம் அந்த வீட்டைப் புரட்டிப் போட்டது. அண்ணன் மூன்று ஷிஃப்டுக்கும் மாறி மாறி வண்டி எடுப்பவர். பஸ் வேலையை விட்டுவிடுகிறேன் என்றார். “வுட்டுட்டு? எதிரும் புதிருமா ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துக்கினு குந்தினு இருக்கலாமா?” என்று கேட்டாள் அவள். அப்படியானால் திருத்தணியில் உன் அக்காள் வீட்டுக்குப் போ என்றார். “என் வூடு இங்க கீது. நான் இன்னாத்துக்கு அங்க போவணும்?” ஒரு வாரம் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

இடையில் புகுந்தது நாங்கள்தான். எந்த நேரமும் யாராவது ஒருத்தி ஷிஃப்ட் முடிந்து அறையில் இருப்போம் அல்லவா? மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறோம் என்றோம். பார்த்துக்கொண்டோம், அதுவும் அளவுக்கு மேல். போகும்போது ஒருத்தி கதவைத் தட்டுவாள், வரும்போது ஒருத்தி தட்டுவாள். அசந்து தூங்கினால் ஜன்னல் வழியாக ஒரு முகம் மூச்சு வருகிறதா என்று உற்றுப் பார்க்கும். ஒரு மாதம் பொறுத்திருந்தவள் ஒரு நாள் முற்றத்தில் நின்று எல்லோரையும் கூப்பிட்டாள்.

“சோறு கீதானு கேக்க வா. கதை பேச வா. உசுரு கீதானு பாக்க மட்டும் எவளும் வராத. சொல்லிட்டேன்.”

எங்களுக்குச் சங்கடமாகிவிட்டது. பார்க்காமலும் இருக்க முடியாது, பார்த்தால் அவளுக்குப் பிடிக்காது. இதற்கு வழியையும் அவளே கண்டுபிடித்தாள்.

அடுத்த சனிக்கிழமை என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனாள். அண்ணனிடம் துணி எடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். கடை கடையாக ஏறி இறங்காமல், ஒரே கடையில் ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டாள். மாணவர்கள் ப்ராஜெக்ட்டுக்கு வாங்கும் சின்ன மைக்ரோ கன்ட்ரோலர் போர்டு ஒன்று, அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த தபால் தலை அளவு வைஃபை மாட்யூல் ஒன்று. அவள் எடுப்பதாகச் சொன்ன துணியைவிட மலிவு. “இத வெச்சு இன்னா பண்ணப்போறேன் தெரியுமா? சர்வர்” என்றாள். சர்வர் என்றால் குளிரூட்டிய அறையில் அலமாரி அலமாரியாக நிற்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது விளக்கினாள். அந்த மாட்யூல் தானே ஒரு சிறிய வைஃபையைப் பரப்பும். இன்டர்நெட் வேண்டாம், மாதக் கட்டணம் வேண்டாம். காம்பவுண்டுக்குள் இருக்கும் போன்கள் அதில் சேர்ந்துகொண்டு ஒரு முகவரியைத் தட்டினால், போர்டு ஒரு பக்கத்தை அனுப்பும். அவள் கட்டில் பக்கத்தில் ஒரு காலிங் பெல் சுவிட்ச் இருக்கும். அதை அவள் எப்போது கடைசியாக அழுத்தினாள் என்று அந்தப் பக்கம் சொல்லும். ஒரு மணி நேரத்துக்கு மேல் அழுத்தாவிட்டால் பக்கம் சிவப்பாகிவிடும்; தூங்கப் போகும்போது சேர்ந்தாற்போல் இரண்டு முறை அழுத்திவிட்டால் விடியும் வரை பொறுக்கும். சிவப்பானால் மட்டும் நீங்கள் வந்தால் போதும்.

கேட்க எளிதாக இருந்தது. முதல் மாட்யூல் அன்றைக்கே கருகிப்போனது. மூன்று வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல் மட்டுமே தாங்கும் அதற்கு, அவசரத்தில் ஐந்து வோல்ட் கொடுத்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு வாங்கிய இரண்டாவது மாட்யூல் கருகவில்லை, ஆனால் பக்கத்தை அனுப்பத் தொடங்கியதும் அணைந்து அணைந்து எரிந்தது. நாள்கணக்கில் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு மாலை நான் வேலை முடிந்து வந்தபோது, “பசிடீ இதுக்கு” என்றாள். “சும்மா இருக்கசொல்ல கொஞ்சமாத் துண்ணுது. பேச ஆரம்பிச்சா ஒரே வாயி பெருசா கேக்குது. போர்டால அவ்ளோ குடுக்க முடியல.” அதற்கென்று தனியாக மின்சாரம் கொடுத்து, பக்கத்தில் மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக் கொடுக்கும் ஒரு கப்பாசிட்டரையும் வைத்தாள். அதன் பிறகு அணையவில்லை.

பக்கம் முதன்முதலாக என் போனில் வந்தபோது வரிசையாகக் கேள்விக்குறிகளும் புள்ளி வைத்த விசித்திர எழுத்துகளுமாக இருந்தது. தமிழில் எழுதியிருந்தாள், இது தமிழ் என்று போனுக்குச் சொல்லும் வரியை விட்டிருந்தாள். அந்த வரியைச் சேர்த்து மறுபடி அனுப்பினாள். பச்சை நிறத்தில், போன் திரை முழுக்க, பெரிய எழுத்தில் வந்தது:

நல்லா கீறேன்.

அதன் கீழே சின்னதாக, எத்தனை நிமிடத்துக்கு முன் என்று. நாங்கள் எல்லோரும் ஒருவர் போனை ஒருவர் பிடுங்கிப் பார்த்துச் சிரித்தோம். நாங்குநேரிக்காரி இசக்கி, “ஏக்கா, ‘நல்லா இருக்கேன்’னு போட்டா என்ன? எங்க ஊர்ல இத வாசிச்சா யாரையோ கீறிட்டேன்னுல்லா நெனப்பாவ?” என்றாள். “நீ உன் சர்வர்ல அப்டி போட்டுக்க. இது பென்னலூர் சர்வர்” என்றாள் பரிமளா. ஏகாம்பரம் அண்ணன் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் பழையபடி வண்டி எடுக்கப் போனார். திருத்தணிப் பேச்சு அத்தோடு நின்றது.

சில மாதங்கள் அப்படியே போயின. எழுந்ததும் பல் துலக்குவதுபோல அந்தப் பக்கத்தைப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. பச்சை. எப்போதும் பச்சை.

ஒரு மதியம் நான் நைட் ஷிஃப்ட் தூக்கத்திலிருந்து எழுந்து பார்த்தேன். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. பக்கமே வரவில்லை. போனை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். வைஃபையின் பெயரே காணவில்லை. காலில் செருப்பு இல்லாமல் ஓடினேன். அவள் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன், கத்தினேன், பக்கத்து அறையிலிருந்து இசக்கி ஓடி வந்தாள், இருவருமாகக் கதவைத் தோளால் இடித்தோம். மூன்றாவது இடிக்குக் கதவு உள்ளிருந்து திறந்தது. பரிமளா கையில் சால்டரிங் அயனோடு நின்றாள். காதில் பாட்டுக் கேட்கும் ஒயர்.

“இன்னாங்கடீ, வூட்ட இடிக்கிறீங்களா?”

அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். இசக்கிதான் திட்டினாள்: “எதுக்குக்கா அத நிப்பாட்டுன? எங்களுக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு!” பரிமளா ஒரு கணம் விழித்தாள். பிறகு புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு வாங்கும் அளவுக்குச் சிரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, “சர்வர் படுத்தா நானும் படுத்துட்டேனா?” என்றாள். நானும் சிரித்தேன், அழுதேன், எது எப்போது என்று தெரியவில்லை. அன்றைக்கு அவள் போட்டுக் கொடுத்த டீயைப்போல ஒரு டீயை நான் அதற்கு முன்பும் பின்பும் குடித்ததில்லை.

போர்டை அவள் ஏன் கழற்றியிருந்தாள் என்பது அன்று மாலை தெரிந்தது. பக்கத்தில் ‘நல்லா கீறேன்’ என்பதன் கீழே எங்கள் எல்லோருடைய பெயர்களும் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு பொத்தான். அதில் ‘வந்துட்டேன்’ என்று எழுதியிருந்தது.

“நீங்கள்லாம் நான் கீறனானு பாக்குறீங்க. நீங்க வூடு வந்து சேந்தீங்களானு நான் எப்டி பாக்குறது? படுத்துக்கினு காதத் தீட்டிக்கினு கேட் சத்தத்த எண்ணிக்கினு கெடக்குறேன். பஸ் எறக்கி வுட்ற எடத்துலேர்ந்து இங்க வர்ற வழி எப்டி கீதுனு எனக்குத் தெரியாதா? வந்ததும் அமுக்குங்க. நான் நிம்மதியாத் தூங்குவேன்.”

அவளைப் பார்த்துக்கொள்ளவென்று வைத்த பக்கம் அன்றிலிருந்து எங்களைப் பார்த்துக்கொள்ளும் பக்கமாகவும் ஆனது. வேலைக்கு வந்த ஊரில், நாங்கள் அறைக்குத் திரும்பிவிட்டோமா என்று காத்திருக்கும் ஒருத்தி கிடைத்தது எங்களுக்குப் பெரிய விஷயம்.

அதன் அருமை சித்திரை வெயிலில் தெரிந்தது. இசக்கிக்கு முதல் ஷிஃப்ட். மதியம் திரும்பி வந்து பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். அழுத்தவில்லை. ஓ.டி. பார்க்கிறாளோ என்று நானென்றால் விட்டிருப்பேன். பரிமளா விடவில்லை. இசக்கியோடு வேலை செய்யும் பெண்ணுக்குப் போன் போட்டாள். இசக்கி பஸ்ஸில் ஏறவே இல்லை, தலைவலி என்று முன்னாலேயே பெர்மிஷன் போட்டு ஷேர் ஆட்டோவில் போய்விட்டாள் என்றாள் அந்தப் பெண். இசக்கியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

பரிமளா உடனே ஏகாம்பரம் அண்ணனுக்குப் போன் செய்தாள். ஆட்களை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு வந்துகொண்டிருந்தார். “மெதுவா வா. ரெண்டு பக்கமும் பாத்துக்கினே வா. இசக்கி எங்கியோ கீறா” என்றாள். ஒரகடம் சாலையில் ஒரு நிழற்குடையின் பின்புறம், சுவர் நிழலில், இசக்கி விழுந்து கிடந்தாள். சாலையில் போகிறவர்களுக்குத் தெரியாத இடம். வெயிலும் காய்ச்சலுமாகச் சேர்ந்து அடித்திருக்கிறது. உயரமான ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்ததால் அண்ணன் கண்ணில் அவள் துப்பட்டா பட்டது. அந்தப் பெரிய பஸ்ஸிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

நானும் பரிமளாவும் அவள் கட்டிலில் அருகருகே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கை ஜில்லென்றிருந்தது. இவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமும் எனக்கு. மாலை வெயில் இறங்கும் நேரத்தில் அண்ணன் போன் செய்தார். “ட்ரிப்ஸ் ஏத்திக்கினு கீறாங்க. கண்ணத் தொறந்துட்டா. தண்ணி கேக்குறா.” பரிமளா போனை வைத்துவிட்டு அப்படியே பின்னால் சாய்ந்து படுத்தாள். “அப்பாடா” என்றாள். நான் என் வாழ்க்கையில் கேட்ட ‘அப்பாடா’க்களில் அதுதான் முழுமையானது. இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் இசக்கி பிழைத்திருக்க மாட்டாள் என்று மருத்துவர் சொன்னதை அன்று அண்ணன் எங்களிடம் சொல்லவில்லை. இசக்கிக்கு இப்போது நாங்குநேரியில் கல்யாணம் ஆகிவிட்டது. சாவுச் செய்தி கேட்டதும் முதல் பஸ் பிடித்து வந்து பரிமளாவின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டவள், எடுக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

பரிமளாவுக்கு உடம்பு தேறவில்லை. ஆவணியில் கால்கள் வீங்கின. ஆனாலும் தன் வீட்டில், தன் கட்டிலில், தன் இஷ்டப்படி இருந்தாள். அதற்குள் விடுதிக்கு மாறியிருந்த நான் கடைசியாகப் பார்க்கப் போனபோது, பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். “பயம் பூட்ச்சுடீ. யாரும் என்ன எட்டிப் பாக்கல, ஆனா எல்லாரும் பாத்துக்கினு இருந்தீங்க. இதுக்கு மேல இன்னா வோணும்?” என்றாள்.

சாவு வீட்டில் ஏகாம்பரம் அண்ணன் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். வண்டி ஓட்டிய ஒவ்வொரு நாளும், தான் சாலையில் இருக்கும்போது அவள் போய்விடுவாளோ என்று நினைத்துக்கொண்டே ஓட்டினாராம். “வாரத்துல ஒரு நாள்தான் எனக்கு லீவு. பாத்து, அன்னிக்குனு போனாம்மா.” சொல்லும்போது அவர் முகம் தெளிந்திருந்தது.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம். ஊரில் என் அம்மா தனியாக இருக்கிறாள். அவளாகக் கூப்பிட்டு, “எப்படி இருக்க, எப்படி இருக்க” என்று நச்சரிப்பாள்; நான் சலித்துக்கொள்வேன். இப்போது அவள் கேட்பதற்கு முன் நானே கூப்பிடுகிறேன். ஷிஃப்ட் முடிந்து அறைக்கதவைத் திறந்ததும், “அம்மா, வந்துட்டேன்” என்று மட்டும் சொல்வேன். “சரித்தா” என்பாள். முதல் சில நாள்கள் அதற்கு மேல் என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. போன வாரம், வைக்கப் போன நேரத்தில், “இரு, வச்சிராத” என்றாள். “எதிர்வீட்டுப் பசு கன்னு போட்டிருக்கு. செவலைக் கன்னு. ஒனக்குச் சொல்லணும்னு மத்தியானத்துல இருந்து காத்துக்கிட்டு இருந்தேன்.”

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, அந்தக் கன்றுக்குட்டியைப் பற்றி முழுக்கக் கேட்டேன்.