பேர் மட்டும் ராஜாங்கத்துடையது

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செருப்புக் கடை வைத்திருக்கும் ராஜாங்கம், ஆன்லைனில் ஒரு குண்டூசிகூட வாங்கியதில்லை. ஆனால் சீனாவிலிருந்து அவர் பேருக்கு வராத சாமான் கிடையாது. கூரியர்காரர் கிராமத்துக்குள் வரமாட்டார் என்பதால் தளவானூரும் மேல்சித்தாமூரும் அவர் பேர், அவர் கடை, அவர் போன் நம்பரைப் போட்டே ஆர்டர் கொடுக்கும். வருகிற பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைப்பார். சட்டைக் கை குட்டையாகிவிட்டால் கடல் தாண்டி யாரைப் போய்க் கேட்பது? ராஜாங்கத்தைக் கேட்பார்கள். அவரும் கம்பெனி முதலாளி மாதிரி தலைகுனிந்து நிற்பார்.

அன்று மத்தியானம் போன் வந்தது.

"கஸ்டம்ஸ்ல இருந்து பேசுறோம். வெளிநாட்டுல இருந்து உங்க பேர்ல பார்சலா வந்துகிட்டே இருக்கு. ஒண்ணுல போதை மருந்து. லைனைக் கட் பண்ணா வீட்டுக்குப் போலீஸ் வரும்."

வேறு யாராவது என்றால் 'எனக்கு இன்னா பார்சல்' என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். ராஜாங்கத்தால் அப்படிக் கேட்க முடியவில்லை. அந்த ஆள் சொன்னதில் முக்கால்வாசி நிஜமாயிற்றே. அலமாரியில் இருந்தது ஒரே பெட்டி, மரியசெல்வியுடையது. முழங்கால் பட்டை என்றாள். யார் பார்த்தது?

"சார், என்னுது எதுவும் இல்ல சார். பேர் மட்டும்தான் என்னுது."

"அப்ப யாரோடது? பேர், நம்பர் சொல்லு."

சொல்லிவிட்டார். லைன் கட்டானது.

கொஞ்ச நேரத்தில் தளவானூர் பஸ்ஸிலிருந்து இறங்கி மரியசெல்வியே வந்தாள். பெட்டியை நுனிவிரலால் நீட்டினார்.

"இன்னாண்ணா, தேளைத் தூக்குற மாதிரி தூக்குறீங்க?"

அங்கேயே கிழித்தாள். கறுப்புப் பட்டை இரண்டு. வேறொன்றும் இல்லை.

"பஸ்ல வர்றப்ப எவனோ போன் பண்ணான்ணா. கஸ்டம்ஸாம். பார்சல்ல போதை மருந்தாம். போன மாசம் எங்க அண்ணிகிட்டயும் இதே கதைதான் உட்டானுங்க. 'ஃபாதர்கிட்ட பாவமன்னிப்பு கேட்டுட்டு வரேன், லைன்லயே இரு'ன்னுட்டு வெச்சிட்டேன்."

ராஜாங்கம் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

பட்டையைக் கட்டிக்கொண்டு வாசலில் நாலு எட்டு நடந்து பார்த்தவள், பாதியில் நின்றாள்.

"ஆமா, நான் ஆர்டர் போட்டது உங்க நம்பர்லதானே. என் நம்பர் அவனுக்கு எப்டிண்ணா தெரிஞ்சுது?"

சற்று முன்பு போலீசுக்குப் பயந்ததெல்லாம் ஒரு பயமா என்றிருந்தது அவருக்கு. குனிந்து, ஜோடி சரியாகவே இருந்த செருப்புகளை மறுபடி ஜோடி சேர்க்க ஆரம்பித்தார். அவள் நகரவில்லை.