பேனரில் சிரிக்கிற பேச்சியக்கா

செடெனாக் சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்தால் இன்றைக்கும் பேச்சியக்காவைப் பார்க்கலாம். மஞ்சள் பட்டுப்புடவை, தோளில் பொன்னாடை, வாய்கொள்ளாத சிரிப்பு. பக்கத்தில் கையில் செம்புச் சொம்போடு டத்தோ லோகேஸ்வரன். 'மாத்திரை இல்லை, ஊசி இல்லை, இனிப்புநீரும் இல்லை' என்று கீழே கொட்டை எழுத்து. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். போகும்போதும் வரும்போதும் அந்த விளக்கில்தான் நிற்கவேண்டியிருக்கிறது. பின்னால் இருக்கும் பிள்ளைகள், "ஆண்ட்டி, உங்க பக்கத்து வீட்டுப் பாட்டி!" என்று கத்துவார்கள். "வாயை மூடிக்கிட்டு உட்காருங்க" என்று எரிந்து விழுவேன். பாவம், பிள்ளைகள் மேல் என்ன தப்பு? யார்மேல் காட்டவேண்டிய கோபமோ அவரை என்னால் கிட்டே நெருங்கக்கூட முடியாது.

பேச்சியம்மாள் எஸ்டேட்டில் பிறந்தவள். எஸ்டேட்டை விற்றதும் எல்லாரையும் போலத் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்தாள். ஃபேக்டரி ஹாஸ்டலில் கூட்டிப் பெருக்கினாள், பிறகு தமிழ்ப்பள்ளி கேண்டீனில் தட்டு கழுவினாள். புருஷன் தங்கராஜு அண்ணன் மைக்செட் போடுகிறவர். கல்யாணம், கோயில் திருவிழா, அரசியல் கூட்டம், எதுவானாலும் அவருடைய பெட்டிதான் அலறும். அக்காவும் கூடவே போவாள். யாராவது ஒயரை மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே! மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். இந்த வட்டாரத்தில் எத்தனை மேடை உண்டோ அத்தனைக்கும் முதுகுப்பக்கம் அவளுக்கு அத்துப்படி. "பெரிய ஆளுங்க எல்லாம் பின்னாலேர்ந்து பார்த்தா ஒண்ணுதான் தங்கச்சி. எல்லாருக்கும் சட்டை வேர்வையில ஒட்டியிருக்கும்" என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரித்தால் எங்கள் வீட்டுச் சமையலறை வரைக்கும் கேட்கும்.

அவளுக்கு இனிப்புநீர், அதான் சர்க்கரை வியாதி, வந்து பல வருஷம். அதற்காக அவள் மூலையில் உட்காரவில்லை. புதன்கிழமை ஆனால் எங்கள் தாமான் பாலாய்ராயாவுக்கு, அதான் பொதுமண்டபத்துக்கு, அரசாங்கத்து நர்ஸ் மிஸிகள் வருவார்கள். ரத்தம் பார்ப்பார்கள், மாத்திரை கொடுப்பார்கள். நோராய்னி என்று ஒரு மிஸி, பேச்சியக்காவின் பாதத்தைத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்ப்பாள். "நான் பெத்த மகன் கூட என் காலைத் தொட்டதில்ல, இந்த மலாய்க்காரப் பொண்ணு தொடுறா பாரு" என்று அக்கா கூச்சத்தில் நெளிவாள். முடிந்ததும் எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து சீனி போடாத தேத்தண்ணி குடித்து ஊர்வம்பு பேசுவோம். பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. ஆனால் அது நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் டத்தோ வந்து சேர்ந்தார். டாக்டருக்குப் படித்தவர் இல்லை. தண்ணீர்ச் சொம்பு வியாபாரம் செய்துகொண்டிருந்தவர், கட்சியில் மேலே வந்து, டத்தோ பட்டமும் வாங்கி, மாநிலத்துச் சுகாதாரக் குழுவிலும் ஓர் இடம் பிடித்துவிட்டார். மனுஷனுக்கு நாக்கில் தேன். "தண்ணிக்கு ஞாபகசக்தி இருக்கு! செம்புச் சொம்புல வெச்சு, நான் சொல்ற நாதத்தை அதுக்குக் கேக்க வெச்சா, அது உள்ள போயி தூங்குற கணையத்தைத் தட்டி எழுப்பும்! வெள்ளைக்காரன் மாத்திரை கணையத்தைச் சோம்பேறி ஆக்குது!" என்று தங்கராஜு அண்ணனுடைய மைக்கில்தான் முழங்கினார். ஒரு மண்டலம் குடித்தால் போதுமாம். மண்டலம் என்ற சொல் வந்ததும் எங்கள் ஆட்கள் பாதிப்பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள், கோயிலில் நிற்பதுபோல.

பேசியதோடு போயிருந்தால் கேட்டுச் சிரித்துவிட்டு வந்திருக்கலாம். குழுவில் இவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. நம் ஆட்களுக்கு எது ஒத்துவரும் என்று இவருக்குத்தான் தெரியும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. திடீரென்று புதன்கிழமை மிஸிகள் வருவது நின்றது. பாலாய்ராயாவில் 'நல்வாழ்வு நீர் மையம்' என்று பலகை ஏறியது. மாத்திரை வேண்டும் என்பவர்கள் குலாய் கிளினிக்குக்குப் போகவேண்டுமாம். காரில்லாத கிழடுகட்டைகள் எப்படிப் போகும் என்று எவனும் யோசிக்கவில்லை. மையம் திறந்த நாள் நோராய்னி மிஸியையும் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். நான் அவளை ஓரமாக இழுத்துக் கேட்டேன், இதெல்லாம் சரியா என்று. அவள் தரையைப் பார்த்தாள். "அப்பா போலே புவாட், காக்" என்றாள். என்ன செய்யமுடியும் என்று அவளே என்னைக் கேட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பது?

பேச்சியக்காவும் சொம்பு வாங்கினாள். ஆனால் அவள் அசடு இல்லை. வீட்டில் மீதமிருந்த மாத்திரையையும் விடாமல்தான் போட்டுக்கொண்டாள். "அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது" என்பாள். விரதம் மாதிரி நினைத்துக்கொண்டு சோற்றைக் குறைத்தாள், பலகாரத்தைத் தொடவில்லை, தண்ணீர் கொடுப்பது புதன்கிழமை மட்டும்தான் என்றாலும் தினமும் விடிந்ததும் மையம் வரைக்கும் நடந்தே போய் வந்தாள். மாத்திரையும் போட்டு, வாயையும் கட்டி, நடையும் நடந்தால் சீனி இறங்காமல் என்ன செய்யும்? நன்றாக இறங்கியது. மையத்தில் விரலைக் குத்திப் பார்த்தவர்கள் ஓடிப்போய் டத்தோவிடம் சொன்னார்கள்.

அந்த மாத விழாவில் அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மஞ்சள் பட்டு எடுத்தாள், புதுச் செருப்பு வாங்கினாள். குதிகால் வைத்த செருப்பு, பாவி, வாழ்நாளில் போட்டதே இல்லை. வழக்கம்போலப் பின்பக்கமாகப் போகப் பார்த்தவளை, "முன்னால வாங்கம்மா" என்று கையைப் பிடித்து ஏற்றினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். கீழே மைக்செட் பக்கத்தில் தங்கராஜு அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். நானும் கை தட்டினேன். அவளைப் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

அப்போது டத்தோ மைக்கைப் பிடித்தார். "இந்த அம்மா மண்டலம் தொடங்கின அன்னைக்கே மாத்திரையை எல்லாம் குப்பையில போட்டுட்டாங்க! அந்தத் துணிச்சல்தான் இன்னைக்கு ஜெயிச்சிருக்கு!" கூட்டம் ஆரவாரம் செய்தது. பேச்சியக்கா அவர் முகத்தைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், பிறகு கும்பிட்டாள். அந்த நேரத்தில் எடுத்த படம்தான் பேனரில் இருப்பது.

மறுநாள் அவள் வீட்டுக் குப்பைக்கூடையில் மாத்திரை அட்டைகளைப் பார்த்தேன்.

"என்னக்கா இது?"

"டத்தோ மேடையில சொல்லிட்டாரு, தங்கச்சி."

"அவர் பொய் சொன்னாரு! நீங்க போட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"அவருக்கு யாரோ தப்பாச் சொல்லியிருப்பாங்க. அத்தனை பேருக்கு முன்னால சொன்ன சொல்லு. நான் ஒளிச்சு வெச்சு முழுங்கினா, அவரைப் பொய்யர் ஆக்குன மாதிரி ஆவாதா? பொன்னாடை வாங்கிட்டேன்லா."

"அலமாக்! பொன்னாடை உயிரைக் காப்பாத்துமா?" என்று கத்தினேன். அவள் கோபப்படவில்லை. என்னைச் சமாதானப்படுத்துவதுபோலச் சொன்னாள். "என்னை யாரு இதுவரைக்கும் முன்னால கூப்பிட்டாங்க, சொல்லு."

எத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தேன், ஒரு பொன்னாடை நான் போர்த்தினேனா?

அந்தப் புதுச் செருப்புதான் எமன். குதிகாலில் தோல் உரிந்திருக்கிறது, அவளுக்கு வலியே தெரியவில்லை. பழைய காலமாக இருந்தால் புதன்கிழமை நோராய்னி மிஸி மடியில் வைத்துப் பார்த்திருப்பாள், அங்கேயே மருந்து வைத்துக் கட்டியிருப்பாள். இப்போது புதன்கிழமை சொம்புக்குத்தான். நான் பார்த்தபோது புண் கறுத்து, ஓரம் வீங்கியிருந்தது. வேனில் ஏறுங்கள், குலாய்க்குப் போவோம் என்றேன். ஏறவும் செய்தாள். கிளினிக் எதிரில் விளக்குக் கம்பத்தில் அதே பேனர். அவளே அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"திருப்பு வண்டிய."

"அக்கா, சொன்னாக் கேளுங்க."

"அதுக்குக் கீழ நான் எப்படி நொண்டிக்கிட்டு உள்ள போறது? எல்லாரும் பார்ப்பாங்க. திருப்பும்மா."

திருப்பினேன். இழுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். அவள் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சாயங்காலம் தங்கராஜு அண்ணனிடம் போய், அந்தப் பேனரையாவது கழற்றுங்கள் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தாம்மா கட்டுனேன். டத்தோ கூட்டம் இல்லேன்னா எனக்கு வேலையே இல்ல. கழட்டுனா நாளைக்கே வேற ஆள் வந்து கட்டுவான்."

டத்தோ ஆபீசுக்கு போன் போட்டேன். கவின் என்று ஒரு பையன் எடுத்தான், மரியாதையாகத்தான் பேசினான். "ஆண்ட்டி, அவங்க வெறும் வயித்துலதான் குடிக்கிறாங்களா? நடுவுல ஒரு நாள் விட்டாலோ, மனசுல சந்தேகம் வந்தாலோ வேலை செய்யாது. டத்தோ கிட்ட சொல்லி ரெண்டு பாட்டில் ஸ்பெஷலா அனுப்பறேன்." நான் கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நன்றி சொல்லி போனை வைத்தான். பாட்டிலும் வந்தது. அடுத்த புதன்கிழமை பாலாய்ராயாவுக்குப் போய் வாசலில் நின்று சத்தம் போட்டேன். வரிசையில் நின்ற பெண்கள், "ஏம்மா, காலையிலேர்ந்து கால்கடுக்க நிக்கறோம், கலாட்டா பண்ணி மையத்தை மூட வெச்சிடாத" என்றார்கள். அத்தனை பேரும் எனக்குத் தெரிந்த முகங்கள். வேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகத்தான் சொல்லமுடியும். காய்ச்சல் வந்தது. வீட்டுக்குள் நுழையும்போதே வாடை அடித்தது. நானும் அண்ணனும் அவளைத் தூக்கி வேனில் போட்டு ஜேபி டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கக்கூடாதா என்று மட்டும் கேட்டார். காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் ஹேமநாதன் ஓடிவந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். டத்தோ வரவில்லை. பழக்கூடை வந்தது. அந்த மாதம்தான் பாலோவிலும் பெர்மாஸ் ஜெயாவிலும் மையம் திறப்பதாகச் செய்தி வந்தது.

போன வாரம் புண் பார்க்க அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது சிரிப்புச் சத்தம் சுவரைத் தாண்டுவதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஏசி குளிரும் என்று மடியில் போர்த்திக்கொள்ள ஒரு துணி எடுத்துவந்திருந்தாள். விரித்தபோதுதான் பார்த்தேன், அந்தப் பொன்னாடை. ஜரிகை மடியிலிருந்து சக்கர நாற்காலியின் கால்மிதி வரைக்கும் தொங்கியது.

நம்பருக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். பெருவிரலில் கட்டு, கையில் மாத்திரைப் பை. அக்காவையே உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க பேனர்ல இருக்கறவங்கதானே?"

பேச்சியக்காவின் முகம் மாறியது. பேனரில் இருக்கும் அதே சிரிப்பு, எத்தனையோ நாளைக்குப் பிறகு. "ஆமாம்மா. நான்தான்."

"அப்புறம் ஏன்க்கா ஆஸ்பத்திரிக்கு?"

"இது வேற கோளாறு. நடுவுல நான் ஒரு நாள் தண்ணிய விட்டுட்டேன். குத்தம் என் மேலதான், தண்ணி மேல இல்ல."

ஒரு நாள் கூட அவள் விடவில்லை. எனக்குத் தெரியும், காய்ச்சலிலும் குடித்தாள். "வேணாம்மா" என்று நான் குறுக்கே பாய்ந்தேன். "மாத்திரைய விட்டுடாதீங்க. அந்தத் தண்ணிய நம்பாதீங்க." அந்தப் பெண் வேன் ஓட்டுகிற என்னைப் பார்த்தாள், பிறகு பேனரில் இருக்கிறவளைப் பார்த்தாள். யாரை நம்புவாள் என்பது அவள் திரும்பின விதத்திலேயே தெரிந்தது.

பொன்னாடையை இழுத்தால் போதும். வேறொன்றும் பேசவேண்டாம். என் கை போனது, துணியின் ஓரத்தைப் பிடித்தும்விட்டது. பேச்சியக்கா என் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள். என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். என்னால் இழுக்க முடியவில்லை. அந்தத் துணியையும் எடுத்துவிட்டால் அவளுக்கு என்ன மிச்சம்?

"எந்த நாளுக்கா குடுக்கறாங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"புதன்கிழமை" என்றாள் பேச்சியக்கா. "வெள்ளனவே போயிடும்மா. கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்."