நம்மாளும் கிராஃப் அக்காவும்

பேருந்து நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லி அழைப்பவர் யாருமில்லை. கிராஃப் அக்கா என்றால்தான் தெரியும். எந்தத் தடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு பேர் ஏறி இறங்குகிறார்கள் என்ற விவரங்களை வாங்கிக் கோடும் கட்டமுமாக வரைந்து மேலே அனுப்புவது அவள் வேலை. கல்யாணப் பேச்சை எடுத்தவர்களையெல்லாம் சிரித்தே வாயடைத்தவள், நாற்பது தாண்டியபின் மூக்குக்கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கடைக்காரரையே கட்டிக்கொண்டாள். "ஃப்ரேம் பார்க்கப் போனவ ஆளையே பார்த்துட்டு வந்துட்டா" என்று அலுவலகத்தில் வெகுநாள் ஓட்டினார்கள்.

கடைக்காரருக்கு அது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி நோயில் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள், கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். புதிதாக வந்தவளிடம் அந்தப் பெண் ஒரு மரியாதைக் குறைவும் காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், காபி போட்டால் இவளுக்கும் சேர்த்தே போட்டாள். ஆனால் கூப்பிட மட்டும் ஒரு சொல் கிடைக்கவில்லை. "இந்தாங்க", "பாருங்க", "அப்பா, அவங்களச் சாப்பிட வரச் சொல்லுங்க" என்று சுற்றிவளைத்தே காலம் தள்ளினாள். கிராஃப் அக்காவும் விருந்தாளி மாதிரி தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொலைக்காட்சியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. நரைத்த தாடியும் தூக்கக் கண்ணுமாக ஒருவர் திரையில் வந்தார். சினிமா அவ்வளவாகப் பார்க்காத கிராஃப் அக்கா சும்மா இருந்திருக்கலாம்.

"இவர் எப்பவும் வில்லனாத்தானே வருவார்?" என்று கேட்டுவிட்டாள்.

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். மகள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வில்லனா? நம்மாளா?"

அந்த வீட்டில் அந்த நடிகருக்குப் பெயரே நம்மாளுதான். இந்தியாவின் ஐந்தாறு மொழிகளில் நடித்தவர். நீதிபதி, குடிகாரர், பிணவறைக் காவலாளி, காது கேட்காத தபால்காரர், பெண் வேடம் கட்டும் நாடகக்காரர் என்று மகள் மூச்சுவிடாமல் அடுக்கினாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் இவ்வளவு பேசி கிராஃப் அக்கா கேட்டதில்லை.

"எந்த வேஷம் கொடுத்தாலும் பொருந்துவார்னு சொல்ற. நிஜமாவே அப்படியான்னு கிராஃப் போட்டுப் பார்த்துடலாமே" என்றாள்.

"நடிப்ப எப்படிங்க போட்டுப் பார்ப்பீங்க? அது என்ன பஸ்ஸா?"

"பஸ்ஸையும் ஆரம்பத்துல அப்படித்தான் சொன்னாங்க."

அன்று சாயங்காலமே சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். இணையத்தில் கிடைத்த படங்களையெல்லாம் திரட்டி வருடம், மொழி, பாத்திரத்தின் தொழில், நல்லவனா கெட்டவனா, கடைசியில் சாகிறானா பிழைக்கிறானா என்று பத்திகள் பிரித்தாள். தெரியாத இடங்களில் ஊகத்தில் நிரப்பினாள். மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் பல கட்டங்களில் மஞ்சள் நிறம் ஏறியிருந்தது. யார் ஏற்றியது என்று கேட்கத் தேவையில்லை. ஒரு கட்டத்தில் 'தப்பு' என்றும், அடுத்ததில் 'ரொம்பத் தப்பு' என்றும், இன்னொன்றில் 'படத்தைப் பார்த்துட்டு எழுதவும்' என்றும் இருந்தது.

கிராஃப் அக்காவுக்குக் கோபம் வரவில்லை. குஷி வந்தது. திருத்தியதற்குக் கீழேயே 'ஆதாரம்?' என்று எழுதி வைத்தாள். ஒரு வாரம் இரண்டு பேரும் கட்டங்களுக்குள்ளேயே சண்டை போட்டார்கள். எழுதி எழுதிக் கை வலித்தபின், மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து வாயால் போட ஆரம்பித்தார்கள்.

பெரிய சண்டை, மகனை வீட்டைவிட்டுத் துரத்தும் ஒரு அப்பா பாத்திரத்தைப் பற்றி வந்தது. கிராஃப் அக்கா அவரைக் கெட்டவன் பத்தியில் போட்டிருந்தாள்.

"அவர் கெட்டவர் இல்ல. பயந்தவர்" என்றாள் மகள்.

"பயந்தவங்களுக்குன்னு தனியாப் பத்தி இல்லையே."

"போடுங்க. இந்த ஆளு எதுக்குப் பயப்படறாருன்னு ஒரு பத்தி போடுங்க. அதுலதான் நம்மாளு நம்மாளா இருக்காரு."

போட்டார்கள். அதன்பிறகுதான் வேலை சூடுபிடித்தது. மானம் போகுமோ, மறந்துபோய்விடுவார்களோ, தனியாகிவிடுவோமோ என்று பயங்களை வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து வரைந்தபோது, வரைபடம் வேறு கதை சொன்னது. நம்மாளு பெரிய படங்களில் ஒரே மாதிரிதான் வந்துபோயிருந்தார். முறைக்கிற போலீஸ் அதிகாரி, இல்லாவிட்டால் முறைக்கிற மாமனார். அப்படி மூன்று நான்கு படங்களில் முறைத்து முடித்தவுடன், யாரும் பார்க்காத சின்னப் படமொன்றில் அதுவரை தொடாத நிறமாகப் போய் நின்றிருந்தார். இருபது வருடமாக அதே தாளம்.

கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "நாள் பூரா மலிவு ஃப்ரேம் வித்துட்டு, சாயங்காலம் எனக்குப் பிடிச்ச ஒரு லென்ஸை உட்கார்ந்து தேய்ப்பேன் இல்ல, அது மாதிரி" என்றார். இருவரும் அதை ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் வரைபடத்தில் கடைசிச் சில வருடங்களின் பகுதி வெளுத்துக் கிடந்தது. அங்கே படங்களின் தலைப்பு இருந்தது, நிறம் இல்லை. மகள் கைவைக்காமல் விட்டிருந்தாள். விவரம் கிடைக்கவில்லை போலும் என்று நினைத்து கிராஃப் அக்கா கேட்டாள்.

"அதெல்லாம் நான் பார்க்கல" என்றாள் மகள். "நம்மாளு படம் அம்மாவோடதான் பார்ப்பேன்."

ஆறுதல் சொல்ல கிராஃப் அக்காவுக்கு வராது. "சரி. பார்க்கலன்னு குறி போட்டுடறேன். எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான். எண்ணாத நாளை எண்ணலன்னுதான் போடுவோம். சும்மா எதையாவது நிரப்பினாத்தான் தப்பு" என்று சொல்லி, அந்தக் கட்டங்களில் சின்னதாக ஒரு கோடு போட்டு மூடிவைத்தாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

எடுத்தது மகள்தான். பரீட்சை முடிந்து வீட்டில் சும்மா இருந்த ஒரு நாள், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவளிடம் வந்து நின்றாள்.

"அந்தக் கோடு போட்டதுல ஒண்ணு பார்க்கலாமா? நடுவுல கேள்வி கேட்டீங்கன்னா நிறுத்திடுவேன்."

கேட்கக் கூடாது என்று கிராஃப் அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தாங்கவில்லை.

"அந்த டாக்டர் எதுக்கு ஆஸ்பத்திரியில குதிரையோட நிக்கறார்?"

மகள் திரும்பினாள். திட்டப்போகிறாள் என்று இவள் நினைத்தாள். "எனக்கும் தெரியலையே!" என்று அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். படம் படுமோசம். நம்மாளு ஒட்டுத்தாடியில் வந்தார், தாடி ஒரு காட்சியில் இடப்பக்கம் நழுவியிருந்தது. கடைசியில் ஹெலிகாப்டரிலிருந்து குதித்து, மேல்துண்டுகூடக் கலையாமல் நின்றார். இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அம்மா இருந்திருந்தா பாதியிலயே எழுந்து போயிருப்பாங்க. நம்மாளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு திட்டியிருப்பாங்க" என்றாள் மகள். சிரிப்பு கொஞ்சம் தணிந்து, ஆனால் முழுக்க நிற்காமல், "எந்தப் பயம்னு போடுவோம் சித்தி இதுக்கு?" என்றாள்.

"தாடி விழுந்துடுமோங்கற பயம்" என்றாள் கிராஃப் அக்கா.

அடுக்களையில் குழம்பு வைத்துக்கொண்டிருந்த கடைக்காரர் காதில் அந்தச் 'சித்தி' விழுந்தது. அப்படியே நின்றவர், போட்ட உப்பை மறந்து இன்னொரு தடவை போட்டார். அன்றைக்குக் குழம்பை வாயில் வைக்க முடியவில்லை. மூவரும் தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தார்கள்.

மீதிப் படங்களை அவசரப்படாமல் பார்த்தார்கள். ஒன்றிரண்டு பிரமாதம். ஒரு படத்தில், மனைவி போனபின் அவள் ஓட்டிய தையல் இயந்திரத்தை ஓட்டக் கற்றுக்கொள்பவராக நம்மாளு வந்தார். அதற்கு நிறம் போட மகள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். ஏனென்று சித்தி கேட்கவில்லை.

வரைபடம் முடிந்ததும் நீளமாக அச்செடுத்துக் கடைக்காரர் தன் கடைச் சுவரில் மாட்டினார். அலங்காரத்துக்கு என்றுதான் மாட்டினார். ஆனால் கண் சோதிக்க உட்காருபவர்கள் எழுத்து அட்டையை விட்டுவிட்டு அதைப் படிக்கத் தொடங்கினார்கள். ஒரு பள்ளி ஆசிரியர் புதுக் கண்ணாடியைப் போட்டவுடன் எழுந்து சுவரருகே போய், "அந்தத் தபால்காரரை எப்படிங்க தனிமைல போட்டீங்க? அவருக்கு மானப் பயம் இல்லையா?" என்று சண்டைக்கு வந்தார்.

"அதை நான் போடல சார். வீட்ல ரெண்டு பேர் இருக்காங்க, சாயங்காலம் வருவாங்க. அவங்ககிட்ட மோதிக்குங்க" என்றார் கடைக்காரர்.

ஆசிரியர் நிஜமாகவே சாயங்காலம் வந்தார். கூடவே தன் மனைவியையும் துணைக்குக் கூட்டி வந்தார். கடை சாத்தும்வரை பேச்சு ஓயவில்லை. தபால்காரர் நிறம் மாறவில்லை.