பதினேழாவது வளைவில் ஒரு கை

போன ஞாயிற்றுக்கிழமை வால்பாறை மலைப் பாதையில், பதினேழாவது கொண்டை ஊசி வளைவில் நின்றிருந்தேன். ஐந்து நாள் சைக்கிள் பந்தயத்தில் அன்று மூன்றாம் நாள் - கோவையிலிருந்து வால்பாறை வரை. பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவர்கள் அல்ல. மில்களும் கம்பெனிகளும் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் வீரர்கள்.

எதையாவது எண்ணாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. புறப்பட்டவர்கள் நாற்பத்திரண்டு பேர். என்னைத் தாண்டியவர்கள் நாற்பத்தொருவர். மிச்சம் ஒருவன் எங்கே? பிரேக் விட்டுவிட்டதா? பள்ளத்தில் கிள்ளத்தில்...

"எம் பையந்தானுங்க பாக்கி" என்றார் பக்கத்தில் நின்ற அம்மா. பெயர் ராஜாமணி. சூலூரில் தறி ஓட்டுகிறவர். மகன் குமரேசனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சலாம். ஏதாவது ஒரு நாள், குறித்த கெடுவுக்குள் வந்து சேராவிட்டாலும் மில் டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதோடு வேலையும் போச்சு.

இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தார். குளிரா என்று கேட்டேன்.

"குளிரில்லீங்க. யாராச்சும் தொட்டா ஆட்டம் போச்சுன்னு சொல்லிப்போட்டுப் போனானுங்க. பாத்ததும் கை நீண்டுருமோன்னு பயமா இருக்குதுங்க."

குமரேசன் வந்தான். வந்தான் என்றா சொல்வது? முகம் வெளுத்து, சைக்கிள் நெளிந்து நெளிந்து, நடக்கிறவன் வேகத்தில்... தாய் அசையவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

அப்போதுதான் எதிர்ப்பக்கம் நின்ற பொள்ளாச்சித் தோப்புக்காரர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். மேட்டில் ஒருவன் திணறினால், பின்னால் கை வைக்காமல் நம் பக்கத்தில் யார் சும்மா நிற்பார்கள்?

"ஏங்கண்ணு, இப்படி மூச்சு வாங்குது? மிதி, நான் இருக்கறேன்!" - சீட்டைப் பிடித்து இருபதடி தள்ளிவிட்டார்.

விசில். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த நடுவர் பேனாவை எடுத்தார்.

குமரேசன் இறங்கினான். "சார், அவரு தொட்ட எடத்துலிருந்து மறுக்கா ஏறிக்கறனுங்க."

நடுவர் யோசித்தார். பிறகு தலையசைத்தார்.

இருபதடி கீழே உருட்டி வந்தான். செங்குத்தான மேட்டில், நின்ற சைக்கிளைக் கிளப்புவது லேசா? இரண்டு தடவை சாய்ந்தான். மூன்றாவது தடவை நகர்ந்தது. யாரும் கை தட்டவில்லை. அதுவும் உதவியாகிவிடுமோ என்று பயம்!

தோப்புக்காரரின் ஜீப்பில் நானும் ராஜாமணியும் பின்னாலேயே மேலே போனோம். முடிவுக் கோட்டை அவன் தாண்டியபோது, கெடு தீர்ந்து ஒரு நிமிஷம் ஆகியிருந்தது. மில் மேனேஜர் வாட்சைப் பார்த்துவிட்டு, காரில் ஏறிக்கொண்டார்.

"நல்லதுன்னு நெனச்சுச் செஞ்சுபோட்டேன் அம்மணி..." தோப்புக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ராஜாமணி அப்போதுதான் முந்தானையிலிருந்து கைகளை வெளியே எடுத்தார்.

"அழுவாதீங்க. நீங்க தள்ளலீன்னா, நான் தள்ளியிருப்பனுங்க."

ஊர் திரும்பியதிலிருந்து, பஸ்ஸில் ஒருவர் மூட்டையைத் தூக்கிவிடப் போனால்கூட முதலில் கேட்டுவிடுகிறேன் - "ஏனுங்க, கை வைக்கலாமுங்களா?"