பேருந்தில் பிரேக் பிடிப்பவர்

முன் இருக்கையின் கம்பியை இரண்டு கைகளாலும் சேர்த்து அழுத்துகிறார். ஜன்னலுக்கு வெளியே ஒரு சைக்கிள். அதை ஒட்டியே பேருந்து வளைகிறது. சைக்கிள் தப்பிப் பின்னால் போன பிறகுதான் விரல்கள் கம்பியை விடுகின்றன. அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் இப்படி எத்தனையோ தடவை. "பிரேக்கு டிரைவர் காலடியில இருக்கு மேடம், நீங்க ஏன் சிரமப்படுறீங்க?" என்று கண்டக்டர் ஒருநாள் கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், அடுத்த திருப்பத்தில் மறுபடி அழுத்தினார்.

நகரம் முழுவதற்கும் சைக்கிள் பாதை வகுக்கும் பிரிவில் அவர் பொறியாளர். வரைபடத்தில் பாதைகளுக்குப் பச்சை நிறம். ஒரு தெருவுக்குப் பச்சை பூசுமுன் தானே அதில் சைக்கிள் ஓட்டிப் பார்த்துவிடுவார். முன்கூடையில் ஒரு டம்ளர் தண்ணீர். எங்கே சிந்துகிறதோ அங்கே இறங்கிச் சாக்கட்டியால் வட்டம் போடுவார். கடைக்காரர்கள் முதலில் ஏதோ பந்தயம் என்று நினைத்தார்கள். விஷயம் தெரிந்ததும், "நம்ம வாசல்லயும் கொஞ்சம் சிந்திட்டுப் போங்க" என்று பள்ளத்தைக் காட்ட ஆரம்பித்தார்கள்.

டம்ளரால் பிடிக்க முடியாத இடம் ஒன்று உண்டு: பேருந்து டிப்போ வாசல். சாலை அங்கே வழவழப்பு, ஒரு சொட்டுச் சிந்தாது. ஆனால் ஒரு பக்கம் டிப்போ சுவர், மறுபக்கம் மேம்பாலத் தூண். உள்ளே திரும்பும் பேருந்தின் பக்கவாட்டில் சைக்கிள் வந்தால் ஓட்டுநரின் கண்ணுக்கே தெரியாது. சுவரைத் தள்ளிக் கட்டச் சொல்லி எழுதிப் பார்த்தார்; டிப்போக்காரர்கள் ஒரு சாண்கூட அசையவில்லை. ஆகவே அவர் வரைந்த பச்சைக் கோடு வாசலுக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் மறுபடி தொடங்கும். நடுவில் வெறும் வெள்ளை.

மேலதிகாரிக்கு அந்த வெள்ளை கண்ணில் விழுந்த தூசி. கோட்டை இழுத்துச் சேர்த்துவிடு, மற்றதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி.

"கோடு விட்டுப்போனா கேள்வி கேப்பாங்கம்மா."

"கேக்கட்டும் சார். கோடு இருந்தா கேக்க மாட்டாங்க. போவாங்க."

மேலதிகாரி பேனா மூடியைத் திருகிக்கொண்டே, பார்க்கலாம் என்றார். அந்த வார்த்தை காதில் விழுந்ததிலிருந்து இவர் சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடிவிடுகிறார்.

வீட்டிலும் அதே வழக்கு. மகளின் பள்ளிக்கூடம் டிப்போவுக்கு அந்தப் பக்கம். சைக்கிளில்தான் போவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். "ஊருக்கெல்லாம் ரூட்டு போடுவ, பெத்த பொண்ண மட்டும் பஸ்ல அனுப்புவியா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். கணவர் நடுவர் வேஷம் கட்டிக்கொண்டு மகள் பக்கம் சாய்ந்தார். அந்த வெள்ளை இடம் தன் கையில்தானே இருக்கிறது என்ற நம்பிக்கையில் அம்மா வாக்குக் கொடுத்தார். "கோடு முழுசாகட்டும்டி. அன்னிக்கே போ."

அச்சான வரைபடம் அலுவலகத்தில் அவர் மேஜைக்கு வருவதற்குமுன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தாள்.

"சொன்ன சொல் மாறக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்."

வீடு இருக்கும் தெருவில் ஆள்காட்டி விரலை வைத்து, வாயால் மணி அடித்துக்கொண்டே பச்சையின் மேல் ஓட்டினாள். பூங்கா தாண்டியது. தபால் நிலையம் தாண்டியது. கோடு எங்கும் நிற்கவில்லை. டிப்போ வாசலிலும் வெள்ளை இல்லை, பச்சைதான். விரல் அதை நெருங்கியபோது அம்மாவின் இரண்டு கைகளும் மேஜைமேல் பாய்ந்து, அந்த விரலைச் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டன.